நூலைப் போல சேலையா?

(பெங்களூரு அல்சூரில் ஒரு ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் ஐயா அவர்களே, இந்த மாலைக்கு உயிர் கொடுத்த செயலாளர் அவர்களே, கன்னடத்திலேயே வரவேற்று, பிறகு நமக்காகத் தமிழிலும் நாலு வரி சொன்ன வார்டு நண்பர் அவர்களே, மகளிர் அணித் தலைவி அம்மா அவர்களே, ஓசூரிலிருந்து பஸ் பிடித்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே, அனைவருக்கும் வணக்கம். யார் பெயரையாவது விட்டிருந்தால் நம் அல்சூர் ஏரிக்கரை வள்ளுவர் சிலையை நினைத்துப் பொறுத்துக்கொள்ளுங்கள். அவர் 18 ஆண்டுகள் முகம் மூடி நின்று, 2009இல்தான் வெளிச்சம் பார்த்தார். அவரே பொறுத்தார்!

பொன்னாடைக்கும் நன்றி. விரலால் தடவிப் பார்த்தேன், நல்ல நூல். ‘நூலைப் போல சேலை, தாயைப் போல பிள்ளை’ என்பார் எங்கள் ஆயா. இன்றைய பேச்சே அந்தப் பழமொழியோடு ஒரு வழக்குதான்.

மூன்று செய்திகள் சொல்வேன். ஒன்று, நோய்நொடி இல்லாத மனிதர்களின் மூளை ரசாயனம் ஆளுக்கு ஆள் ஏன் மாறுகிறது. இரண்டு, காசு வாங்கிக்கொண்டு எச்சிலில் மரபணுவைச் சோதித்து ‘உங்கள் பிள்ளை கணக்கில் புலி’ என்று சொல்பவர்களை நம்பலாமா. மூன்று, சாப்பாட்டுக்கும் இதற்கும் என்ன உறவு.

நம் 22ஆம் குரோமோசோமில் காம்ட் என்றொரு மரபணு. அது தரும் நொதியின் வேலைகளில் ஒன்று, மூளையில் செய்தி கடத்தும் டோபமைன் என்ற ரசாயனத்தை உடைத்து அப்புறப்படுத்துவது. அந்த மரபணுவில் ஓர் எழுத்து மாறினால் போதும், நொதியின் 158ஆம் இடத்தில் வேலின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் மெத்தியோனின் வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்படிப்பட்ட நொதி மூன்று நான்கு மடங்கு மந்தம். நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதியில் டோபமைனைத் திரும்ப உறிஞ்சும் கடத்திகள் குறைவு. அங்கே இந்த நொதியைத்தான் நம்ப வேண்டும். அது மந்தமானால் டோபமைன் கொஞ்சம் கூடுதலாகத் தங்கும். இது நோயே இல்லை. இந்த அரங்கில் இரண்டு வகையினரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருப்பீர்கள்.

‘அப்போ ஆயா சொன்னது சரிதானே?’ என்பீர்கள். எங்கள் பெரியப்பா கதையைக் கேளுங்கள்.

பெரியப்பா கோலார் தங்கவயல் சுரங்கத்து ஆள். என் அப்பாவுக்கு நேர் மூத்தவர். ஒரே வயிறு, ஒரே சோறு. இருவரும் ஒரு கல்யாணத்துக்கு வந்து எங்கள் வீட்டில் தங்கினார்கள். ராத்திரி பத்து மணிக்கு அம்மா இரண்டு டம்ளர் காபி கொடுத்தார், டிகாக்‌ஷன் தூக்கலாக. பெரியப்பா குடித்துவிட்டுப் படுத்தார். ஐந்தாவது நிமிடம் குறட்டை. அப்பா விடிய விடிய ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் அம்மா, ‘ஏங்க, உங்க அண்ணனுக்கு மட்டும் நான் என்ன கஷாயமா குடுத்தேன்?’ என்று கேட்க, பெரியப்பா மார்தட்டினார்: ‘எங்க அப்பா உடம்பு எனக்கு வந்திருக்கு. நூலைப் போல சேலை!’ பல வருஷம் இதே பெருமைதான். பிறகு டாக்டர் மிரட்டி அவர் பீடியை விட்டார். விட்ட வாரமே தூக்கம் போயிற்று! அதே காபி, அதே டம்ளர். பெரியப்பா என்ன செய்தார்? காபித்தூளில் கலப்படம் என்று பொட்டலத்தோடு கடைக்குப் போய்ச் சண்டை போட்டார். கடைக்காரர் பாவம், சிக்கரியைக் குறைத்து அரைத்துக் கொடுத்தார். காபி இன்னும் தூக்கலானது, தூக்கம் இன்னும் போனது. மறுபடி சண்டை!

விஷயம் என்ன? விழித்திருக்க விழித்திருக்க மூளையில் அடினோசின் என்ற ரசாயனம் சேரும், கண் சொக்கும். காஃபீன் அந்த அடினோசின் அமரும் ஏற்பியை அடைத்துக்கொள்கிறது. அந்த ஏற்பியின் மரபணு ஆளுக்கு ஆள் மாறும். அப்பாவின் விழிப்புக்கு அதில் பங்கு இருக்கலாம். காஃபீனைக் கரைப்பது ஈரலில் உள்ள ஒரு நொதி. அதன் மரபணுவும் மாறும். ஆனால் பீடிப் புகை அந்த நொதியைத் தூண்டி வேகமாக வேலை வாங்கும். புகை நின்றது, வேகம் நின்றது. பெரியப்பா அப்பன் உடம்பென்று மார்தட்டியதில் பீடிக்கும் பாதி பங்கு. ஆயாவின் பழமொழி பாதி உண்மை. சாயம் போட்டவனையும் தறியில் உட்கார்ந்தவனையும் அது விட்டுவிட்டது.

எச்சில் சோதனைக்காரர்களை ஒரே மூச்சில் முடிக்கிறேன். 2001இல் காம்ட் வேறுபாட்டுக்கும் சிந்தனைத் திறன் சோதனைகளுக்கும் தொடர்பு கண்டார்கள். பின்னால் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது அது மிகச் சிறிதாகச் சுருங்கியது. மனச்சோர்வுக்குக் காரணம் என்று புகழ்பெற்ற மரபணுக்களை 2019இல் லட்சக்கணக்கானோர் தரவில் தேடினார்கள். தனித்து நின்றது ஒன்றுமில்லை. உங்கள் பணத்தைப் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு வையுங்கள்.

சரி, உண்மையான விடை எங்கே கிடைக்கும்? உயிரோடு இருப்பவர் தலைக்குள் பார்க்க பெட் ஸ்கேன் உண்டு. அதற்கு ஊசியில் ஏற்றும் கதிரியக்கக் கார்பன் 11, 20 நிமிடத்தில் பாதியாகிவிடும். பக்கத்திலேயே தயாரித்து ஓட்டமாய் ஓட வேண்டும். செலவும் அதிகம். ஒரு மரபணு மூளைத் திசுவில் எவ்வளவு நொதி செய்தது என்று நேராக அளக்க, மூளையே வேண்டும்.

1960இல் வியன்னாவில் ஹார்னிகீவிச் என்ற ஆய்வாளர் பார்க்கின்சன் நோயாளிகளின் மூளைகளை இறப்புக்குப் பின் ஆராய்ந்து, டோபமைன் வற்றியிருப்பதைக் கண்டார். அடுத்த ஆண்டே, மூளைக்குள் டோபமைனாக மாறும் எல்-டோபா மருந்து மனிதர்களிடம் சோதிக்கப்பட்டது. வற்றியதென்று அவருக்கு எப்படித் தெரிந்தது? நோயில்லாதவர்களின் மூளையும் பக்கத்தில் இருந்ததால்தான்! அந்த மூளைகள் கிடைக்காவிட்டால் எதோடு ஒப்பிடுவார்?

இதற்காகத்தான் நான் மேடை மேடையாக அலைகிறேன். நம் ஊர் நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனையில் 1995 முதல், இறந்தவர்களின் மூளையைத் தானமாகப் பெற்று ஆய்வுக்குச் சேர்த்துவைக்கும் மூளை வங்கி இருக்கிறது. இந்திய அறிவியல் கழக வளாகத்து மூளை ஆய்வு மையம் ஒருங்கிணைத்து, 10,000 இந்தியர்களின் மரபணு வரிசையைப் படித்தாயிற்று; 2025 ஜனவரியில் தரவும் திறந்தாயிற்று. எழுத்து கையில் வந்துவிட்டது. அதோடு ஒத்துப்பார்க்க இந்திய மூளை வேண்டாமா? நோயாளி வீட்டார் சிலர் தருகிறார்கள். ‘எனக்கென்ன, நான் நல்லாத்தானே இருக்கேன்’ என்கிற நம்மிடமிருந்துதான் வருவதில்லை. மூளை வங்கிக்கு நாம்தான் வேண்டும்.

செயலாளர் சீட்டு நீட்டுகிறார். சாப்பாட்டைப் பற்றிச் சாப்பிடும்போது பேசிக்கொள்ளலாம், பின்னால் சாம்பார் சாதம் தயார் என்கிறார்கள்.

வாசலருகே மேசையில் மூளை தானத்துக்கான விருப்பப் படிவம் இருக்கிறது. நீங்கள் கையெழுத்திட்டாலும், அன்றைக்கு நெருங்கிய உறவினர் சம்மதிக்காமல் எடுக்க மாட்டார்கள். தாமதமானாலும் பயனில்லை, சில மணி நேரத்துக்குள் செய்தி போக வேண்டும். ஆகவே இன்று ராத்திரியே வீட்டில் சொல்லிவையுங்கள். மருமகளிடம் சொன்னால் உத்தமம், நம் பிள்ளைகள் அழுதுகொண்டே மறந்துவிடுவார்கள். மேசையில் பேனா ஒன்றுதான், வரிசையில் வாருங்கள். வணக்கம்.