எதுவும் விழாமல் முளைத்த பல்

வணக்கம். இன்று கையில் டார்ச் விளக்கோடு உட்கார்ந்திருக்கிறேன். காரணம், என் மகனின் வாய். அவனுக்கு ஆறரை வயது. நேற்றிரவு பல் தேய்த்துவிடும்போது கடைசிப் பல்லுக்கும் பின்னால் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. உணவுத் துணுக்கு என்று துடைத்தேன், போகவில்லை. பாதி ஈறு போர்த்திய புதுப் பல்!

முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் இதுதான். முன்பல் என்றால் ஆடும், விழும், வீடே வேடிக்கை பார்க்கும். இது எந்தப் பால் பல்லையும் தள்ளாமல் ஓசையின்றி வந்துவிடுகிறது. "விழப்போகிற பால் பல்தானே" என்று விட்டுவிடுகிறோம். மூத்தவளுக்கு நானும் அப்படித்தான் விட்டேன். எட்டு வயதில் சொத்தையை அடைக்க வேண்டியதாயிற்று.

முளைத்த பல் எதிர்ப்பல்லைத் தொட ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். ஆபத்தான காலம் அதுதான். பக்கத்துப் பல்லைவிடத் தாழ்ந்திருப்பதால் பிரஷ் மேலோடு போய்விடுகிறது. மெல்லும் வேலை இல்லாததால் படிந்த அழுக்கு உராய்ந்தும் போவதில்லை. பல்லின் கடினமான மேலுறையான எனாமலும் இன்னும் முழுதாக இறுகியிருக்காது. டார்ச் அடித்துப் பாருங்கள், மேற்பரப்பில் பள்ளங்கள் தெரியும். சில பள்ளங்கள் பிரஷின் ஒற்றை நாரைவிடக் குறுகலானவை. எவ்வளவு தேய்த்தாலும் உள்ளே எட்டாது. அவற்றை மூடத்தான் மருத்துவர்கள் சீலண்ட் என்ற பாதுகாப்புப் பூச்சைப் பூசுகிறார்கள். மூத்தவளுக்கு முன்பே கேட்டிருக்கலாம்.

பால் பல்லில் ஏற்கெனவே சொத்தை இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். அதே பழக்கமும் அதே கிருமிகளும் புதுப் பல்லுக்கும் காத்திருக்கின்றன. சில குழந்தைகளுக்குப் பல் முளைக்கும்போதே மஞ்சளாகவோ பழுப்பாகவோ திட்டுகள் இருக்கும். அது எனாமல் சரியாக உருவாகாத குறை. அந்தப் பல் கூசும். கூசுவதால் குழந்தை தேய்க்கவிடாது. சொத்தை விரைந்து வரும்.

இனிப்பைப் பொறுத்தவரை, அளவைவிட எத்தனை முறை என்பதைத்தான் நான் எண்ணுகிறேன். ஒவ்வொரு முறையும் வாயில் அமிலம் கூடுகிறது. உமிழ்நீர் அதைத் தணிக்க அரைமணிக்குமேல் வேண்டும். நாள் முழுக்கக் கொறித்தால் அதற்கு ஓய்வேது?

தேய்க்கும் விதம் இதோ: பட்டாணி அளவு ஃபுளோரைடு பற்பசை. பிரஷைக் கன்னத்துப் பக்கமிருந்து குறுக்காக நுழைத்து, அந்த ஒரு பல்லை மட்டும் தனியாகத் தேய்க்க வேண்டும். நேற்று அப்படிச் செய்தபோது விரலைக் கடித்துவிட்டான். பாருங்கள், தடம் இன்னும் இருக்கிறது.