பள்ளி பேண்டிலிருந்து இசை ஊழியத்துக்கு

(காட்சி: நீலகிரியில் டிசம்பர் இரவு. எஸ்டேட் லைன் வீடுகளுக்கு நடுவே நடந்து செல்லும் கேரல் குழு.)

குரல்: மலைப் பள்ளிகளின் பேண்டு என்றதும் பலருக்கும் சுதந்திர தின அணிவகுப்புதான் நினைவுக்கு வருகிறது. படைவீரர்களின் பிள்ளைகளுக்காக 1858-இல் தொடங்கப்பட்ட லவ்டேல் லாரன்ஸ் பள்ளியைப் பார்த்தால், இம்மலையில் அணிவகுப்புக்கு எவ்வளவு பழைய வேர் உண்டு என்பது புரியும். அப்படியொரு பேண்டில் டிரம்பெட் ஊதிப் பழகிய மாணவர், சபையின் இசை ஊழியத்தில் சேர்ந்து மலைக்கிராமங்களுக்குச் செல்லும்போது, பழைய பயிற்சியில் எது கைகொடுக்கும், எது போதாது என்பதைப் பார்ப்போம்.

1878-இல் இங்கிலாந்தின் சாலிஸ்பரி நகரில் சார்லஸ் ஃப்ரை என்பவரும் அவருடைய மூன்று மகன்களும் இரட்சணிய சேனை (சால்வேஷன் ஆர்மி) என்ற கிறிஸ்தவ இயக்கத்தின் தெருக்கூட்டங்களில் பித்தளைக் கருவிகளை ஊதத் தொடங்கினர். ஒலிபெருக்கி இல்லாமலே திறந்த வெளியில் ஒரு கூட்டத்தின் பாட்டைத் தாங்கும் வலு அக்கருவிகளுக்கு உண்டு. மின்சாரம் நின்றுபோன எஸ்டேட் மைதானத்தில் இன்றும் அது பயன்படும்.

(காட்சி: டிரம்பெட்டின் சுருதிக் குழாயை உள்ளே தள்ளும் கை.)

குரல்: டிசம்பர் இரவில் முதலில் கெடுவது சுருதி. காற்று குளிரும்போது ஒலியின் வேகம் குறைவதால், ஊதும் கருவிகளின் சுருதி இறங்கிவிடுகிறது. கீபோர்டின் சுருதியோ மாறுவதில்லை. மலையின் உயரத்தைக் காரணம் சொல்வோரும் உண்டு, ஆனால் குளிர்தான் காரணம். வாசிப்பதற்கு முன் மூச்சுவிட்டுக் கருவியைச் சூடாக்கவும், சுருதிக் குழாயைச் சற்று உள்ளே தள்ளவும் பேண்டு மாணவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்தது கீ, அதாவது பாட்டின் ஆதார சுருதி. பி பிளாட் டிரம்பெட்டில் சி என்று எழுதிய சுரத்தை ஊதினால் பி பிளாட் சுரம் ஒலிக்கும். ஆகவே பாடகர் குழு ஜி-யில் பாடினால் டிரம்பெட் ஏ-யிலும், ஆல்டோ சாக்ஸபோன் ஈ-யிலும் வாசிக்க வேண்டும். கிட்டார் கலைஞர்கள் விரும்பும் ஈ, டிரம்பெட்டுக்கு எஃப் ஷார்ப் ஆகி விரல்களைச் சோதிக்கும். கிட்டாரின் முதல் கட்டையில் (ஃப்ரெட்) கேப்போவை, அதாவது எல்லாத் தந்திகளையும் சேர்த்து அழுத்தும் கிளிப்பைப் போட்டு, அதே ஈ கீயின் விரல் வடிவங்களைப் பிடிக்கச் சொன்னால் பாட்டு எஃப்-இல் அமையும்; டிரம்பெட்டுக்கு எளிதான ஜி கிடைக்கும். இந்தக் கணக்கைப் பாட்டு தொடங்குமுன் மனத்துக்குள் போட்டுவிடும் ஒருவர் ஊழியக் குழுவுக்குப் பெரிய உதவி. பேண்டு தரும் பயிற்சிகளில் நான் முதலிடம் தருவது இதற்கே.

(காட்சி: ஆலயத்தில் கீர்த்தனை பாடும் சபையார்.)

குரல்: கீர்த்தனையில்தான் பேண்டு பயிற்சி தடுமாறுகிறது. தஞ்சையில் வாழ்ந்த கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) வழியாக வந்த மரபு இராகத்தையும் தாளத்தையும் நம்பியது. இரண்டும் நான்குமாக எண்ணி நடந்து பழகிய கால்களுக்கு, மூன்றும் நான்குமாகப் பிரியும் மிச்ர சாபு தாளம் எளிதில் பிடிபடாது. வால்வுள்ள கருவியில் கமகத்தை, அதாவது சுரத்தை அசைத்துப் பாடும் அலங்காரத்தை, குழைத்து எடுப்பதும் கடினம். அத்தகைய இடங்களில் அலங்காரத்தை விட்டுவிட்டு நீண்ட ஆதார சுரங்களை மட்டும் மெல்லப் பிடித்தால், பாடுபவர்களின் குரல் தெளிவாகக் கேட்கும். அணிவகுப்பில் வேகத்தைத் தீர்மானிப்பது டிரம். சபையிலோ பாட்டை எடுத்துக் கொடுக்கும் மூத்த அம்மையார். அவர் பல்லவியை இழுத்துப் பாடினால், எண்ணிக்கையை விட்டுவிட்டு அவருடைய மூச்சைக் கவனித்துத் தொடர வேண்டும். எனவே ஊழியத்துக்குப் புறப்படுமுன், கருவியைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, சில வாரங்களாவது கையால் தாளம் போட்டுக் கீர்த்தனைகளை வாயால் பாடிப் பழகுவது அவசியம்.