வாட்ஸ்அப்பில் வரும் பாடக்குறிப்பு

நேயர்களுக்கு வணக்கம். கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போகிறவர்கள் நடைபாதையில் மேடும் வரியுமாகப் பதித்திருக்கும் மஞ்சள் கற்களைப் பார்த்திருப்பீர்கள். 1951இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் இருக்கிறது. பார்வையில்லாத பிள்ளைகள் தெருவில் நடக்கத் தடம் போட்டாயிற்று, சரி. அதே பிள்ளைகள் கல்லூரியில் படிக்கிற குறிப்புகளின் கதை என்ன?

இப்போது குறிப்பெல்லாம் வாட்ஸ்அப்பில்தான். புத்தகப் பக்கத்தைக் கைபேசியில் படம் பிடித்து, பிடிஎஃப் ஆக்கி, குழுவில் போட்டுவிடுகிறோம். நம் கண்ணுக்கு அது எழுத்து. கணினிக்கு வெறும் படம்; கல்யாணப் போட்டோவும் அதுவும் அதற்கு ஒன்றுதான்.

பார்வையில்லாத மாணவர் காதால் படிக்கிறார். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள்கள் உண்டு. என்விடிஏ என்று ஒன்று, முழுக்க இலவசம். 2006இல் ஆஸ்திரேலியாவில் அதைத் தொடங்கியவரும் அவரோடு சேர்ந்து வளர்த்தவரும் பார்வையில்லாதவர்கள். தமிழும் வாசிக்கும், மலாயும் வாசிக்கும். படத்தைக் கொடுத்தால் மட்டும் தானாக வாய் திறக்காது.

எழுத்தாகவே இருந்தாலும் இன்னொரு வம்பு இருக்கிறது. தமிழ் படிக்கும் மாணவர் ஒருவர், தனக்கு வந்த குறிப்பைத் திறந்து, "சார், கொஞ்சம் கேளுங்க" என்று இயர்போனைக் கழற்றினார். ஒவ்வோர் எழுத்தாக நகர்த்த, மடிக்கணினி ஆங்கிலத்தில் ஓதியது: எம், கே, செமிகோலன், கே, எச். "என்ன சொல்லுன்னு கண்டுபிடிங்க" என்றார் சிரித்துக்கொண்டே. நான் முழித்தேன். "அம்மா, சார்!"

குறிப்பைத் தட்டியவர் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியிருக்கிறார். அதில் உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்து. மேலே தெரிவதுதான் தமிழ். இந்தப் பிள்ளை எந்த எழுத்துக்கு எது என்று மனப்பாடம் பண்ணி, ஒரு பக்கத்தைப் படிக்க ஒரு மாலையைச் செலவழித்திருக்கிறார். பக்கத்தில் இருந்தவர் அதே பக்கத்தை டீ ஆறுவதற்குள் முடித்திருப்பார். ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனிக் குறியீடு தரும் யூனிகோடில் தமிழ் 1991இலேயே வந்துவிட்டது. கணினியில் தமிழ் தட்ட முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கிய நாடு இது. இங்கே இருந்துகொண்டு இன்னும் பழைய எழுத்துருவா என்று எனக்குக் கோபம்தான் வருகிறது.

அனுப்புவதற்கு முன் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். கோப்பில் ஒரு வரியைத் தேர்வு செய்து நகலெடுத்து, உங்களுக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பாருங்கள். தேர்வே ஆகவில்லையா, அது படம். ஆங்கிலக் குப்பையாக வந்ததா, பழைய எழுத்துரு. தமிழாகவே வந்தால் நல்லது. மறுபடியும் சொல்கிறேன்: ஒரு வரி, நகல், வாட்ஸ்அப். அவ்வளவுதான்.

தலைப்பும் அப்படித்தான். எழுத்தைப் பெரிதாக்கித் தடிப்பாக்கினால் அது தலைப்பாகிவிடாது. வேர்டில் 'ஹெடிங்' என்று இருப்பதை அழுத்துங்கள். அப்போதுதான் மாணவர் ஹெச் பொத்தானைத் தட்டித் தட்டி, தலைப்பு தலைப்பாகத் தாவிப் போக முடியும். இல்லையென்றால் நாற்பது பக்கத்தையும் முதலிலிருந்து கேட்க வேண்டியதுதான்.

சட்டமெல்லாம் இருக்கிறது. 2008இல் மாற்றுத்திறனாளிகள் சட்டம் வந்தது. 2022இல் மலேசியா மராக்கேஷ் உடன்படிக்கையிலும் சேர்ந்தது. அச்சிட்ட புத்தகத்தைப் பார்வையற்றோர் படிக்கும் வடிவத்துக்கு மாற்றப் பதிப்புரிமை குறுக்கே நிற்கக் கூடாது என்பது அதன் சாரம். ஆனால் நாமே தட்டிய குறிப்புக்கு எந்த உடன்படிக்கை வேண்டும்? தட்டும்போதே சரியாகத் தட்டினால் போதும். பிறகு உட்கார்ந்து திருத்துவதுதான் பெரிய வேலை.

நேரம் முடிந்தது என்று நிலையத்தார் கையைக் காட்டுகிறார்கள். காது கேளாத மாணவர்களைப் பற்றி நிறையப் பேச நினைத்திருந்தேன். ஒன்று மட்டும்: காணொளிப் பாடம் போட்டால் கீழே வசனம் ஓட விடுங்கள். யூடியூப் தானாகப் போடுவதை அப்படியே நம்பாமல், ஊர்ப் பெயர், ஆள் பெயர், பாடத்தின் கலைச்சொற்களையாவது ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். வணக்கம்.