மலிவு விலை ஐஸ் பெட்டி கத்திரி வெயிலில் எத்தனை மணி நேரம் தாங்கும்?

[காட்சி: மே மாத மதியம். வேப்பமரத்தடியில் ஒரு கூடாரம். பக்கத்தில் நீல நிற பிளாஸ்டிக் ஐஸ் பெட்டி. ஒரு கை மூடியைத் திறக்கிறது. உள்ளே தண்ணீரில் மிதக்கும் பாட்டில்கள்.]

வெள்ளிக்கிழமை ராத்திரி 10 கிலோ ஐஸ் போட்டு மூடின பெட்டி இது. ஞாயிற்றுக்கிழமை காலையில திறந்தா ஒரு துண்டு ஐஸ்கூட இல்ல. உடனே பழி பெட்டி மேலதான் விழும். "விலை குறைஞ்சது, இவ்வளவுதான் தாங்கும்"னு சொல்லிடுவோம்.

அது பாதிதான் உண்மை. இதே பெட்டி, இதே 10 கிலோ ஐஸ். சாதாரணமா அடுக்கினா ஏறக்குறைய 28 மணி நேரம். கொஞ்சம் யோசிச்சு அடுக்கினா 46 மணி நேரம். அந்த 18 மணி நேரம் எங்கிருந்து வருதுன்னு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

[காட்சி: பெட்டியின் குறுக்குவெட்டு வரைபடம்.]

நாம எடுத்துக்கிட்டது 25 லிட்டர் பெட்டி. உள்ளளவு 40 செ.மீ. நீளம், 25 அகலம், 25 உயரம். சுத்துச் சுவரிலயும் அடியிலயும் 2.5 செ.மீ. ஃபோம். வேலூர், திருத்தணி பக்கம் மே மாசத்துல பகல்ல 40 டிகிரியைத் தாண்டும், ராத்திரி கொஞ்சம் இறங்கும். நிழல்ல ரெண்டும் சேர்ந்து சராசரியா 32 டிகிரின்னு வச்சுக்குவோம்.

ஒரு கிலோ ஐஸ் முழுசா தண்ணியாக 334 கிலோஜூல் வெப்பம் வேணும். பள்ளியில உள்ளுறை வெப்பம்னு படிச்சோமே, அதுதான். பெட்டிக்குள்ள எந்த வழியா வெப்பம் வந்தாலும் 334ஆல வகுத்தாப் போதும், எத்தனை கிலோ ஐஸ் போச்சுன்னு தெரிஞ்சிடும். மூடியிலயும் ஃபோம் இருந்தா இந்தப் பெட்டியில ஒரு நாளைக்கு 5.4 கிலோ ஐஸ் கரையும்.

ஆனா மலிவுப் பெட்டிகள்ல மூடியில ஃபோம் பெரும்பாலும் இருக்காது. விரலால தட்டிப் பாருங்க. டொக்குன்னு வெத்துச் சத்தம் வந்தா உள்ளே காத்து மட்டும்தான். அந்த மூடி வழியா, அதே அளவு ஃபோம் சுவரைவிட இரண்டு மடங்கு வெப்பம் இறங்கும். நாள் கணக்கு 5.4லிருந்து 6.5 கிலோவா ஏறிடும். கடையில சுவர் எவ்வளவு தடிமன்னு கேக்குறவங்க, மூடியைத் தட்டிப் பார்க்க மறந்துடுறாங்க.

இந்த இடத்துல மீன் மார்க்கெட்டில கிடைக்கிற வெள்ளை தெர்மாகோல் பெட்டியைப் பத்திச் சொல்லியே ஆகணும். அதுல மூடியும் முழு தெர்மாகோல். வெப்பத்தைத் தடுக்குறதுல, வெத்து மூடி போட்ட பளபள பிளாஸ்டிக் பெட்டியை அது பல நேரம் ஜெயிச்சிடும். அதோட பலவீனம் வேற: விளிம்பு உடையும், மூடி சரியா உக்காராது, நாளாக நாளாக மணிகளுக்கு நடுவுல தண்ணி கசியும். உள்ளே ஒரு தடிமனான பாலிதீன் உறை, மூடியைச் சுத்தி அகலமான பேக்கிங் டேப். ரெண்டு நாள் பயணத்துக்கு அது நல்ல பெட்டி.

[காட்சி: தராசு. ஒரு பக்கம் தண்ணீர் பாட்டில்கள், மறுபக்கம் ஐஸ்.]

சுவரையும் மூடியையும்விட பெரிய திருடன் ஒருத்தன் இருக்கான். நாம உள்ள வைக்கிற பொருளோட சூடு.

கார்ல கிடந்த 6 லிட்டர் தண்ணி, 35 டிகிரியில இருக்கு. அதை 5 டிகிரிக்கு இறக்க 754 கிலோஜூல் எடுக்கணும். அதாவது 2.26 கிலோ ஐஸ். பெட்டியை மூடின முதல் ரெண்டு மணி நேரத்துக்குள்ளயே 10 கிலோவுல கால்வாசி போயிடுது. மிச்சம் 7.74 கிலோ. வெத்து மூடி போட்ட பெட்டி ஒரு நாளைக்கு 6.5 கிலோ தின்னும். கணக்கு முடிஞ்சது: 28 மணி நேரம்.

அதனால பாட்டில், பால், காய்கறி, மசாலா தடவின கோழி, எதுவா இருந்தாலும் முதல் நாளே ஃபிரிட்ஜ்ல வச்சு எடுங்க. பெட்டியையும் முன்கூட்டியே குளிர வைக்கணும்னு நிறைய பேர் சொல்வாங்க. செய்யலாம், தப்பில்ல, ஆனா அதுல மிச்சமாகுறது அரைக் கிலோ ஐஸுக்கும் குறைவு. நேரம் இருக்குறதோ ஒரு வேலைக்குத்தான்னா பொருளைக் குளிர வைங்க.

அடுத்தது மூடி. செலவு ரொம்பக் குறைவு. 2.5 செ.மீ. தெர்மாகோல் அட்டை ஒண்ணு வாங்கி, பெட்டியோட உள்ளளவைவிட அரை செ.மீ. குறைச்சு வெட்டுங்க. பாலிதீன்ல சுத்தி டேப் ஒட்டுங்க, இல்லன்னா மணி உதிர்ந்து சாப்பாட்டுல விழும். அதைப் பொருளுக்கு மேலயே படுக்க வைங்க. சாமான் குறையக் குறைய அட்டையும் கூடவே இறங்கும், மேல காலி இடம் உருவாகாது. இந்த ஒரு அட்டையால 6.5 கிலோ 5.2 ஆகுது. குளிர்ந்த சாமானோட சேர்த்தா 10 கிலோ ஐஸ் 46 மணி நேரம் வரும்.

[காட்சி: மூடியின் ஓரத்தில் துளை போடும் கை. ஸ்ப்ரே ஃபோம் டப்பா.]

சிலர் மூடிக்குள்ளயே பியூ ஸ்ப்ரே ஃபோம் (டப்பாவுலேர்ந்து அடிச்சா விரிஞ்சு இறுகுற பாலியூரித்தேன் நுரை) அடிப்பாங்க. நல்ல வழிதான், ஆனா கெட்டுப்போகுறதும் இங்கதான் அதிகம். அந்த ஃபோம் ஈரத்தை இழுத்துத்தான் இறுகும். மூடின குழிக்குள்ள ஒரே மூச்சா அடிச்சா வெளிப்புறம் இறுகி நடுப்பகுதி பிசினாவே கிடக்கும். அளவு மிஞ்சினா விரிஞ்சு மூடியை வளைச்சிடும், அப்புறம் விளிம்பு பொருந்தாது, முன்னாடி இருந்ததைவிட மோசம். 8 மி.மீ. துளை ஐந்தாறு போடுங்க, உள்ளே கொஞ்சம் தண்ணி தெளிங்க, குழியில மூணுல ஒரு பங்குக்கு மேல அடிக்காதீங்க. ஒரு நாள் விட்டு, காலி இருந்தா மறுபடி. இறுகுற வரைக்கும் மூடி மேல கனமான பலகை ஒண்ணு இருக்கட்டும்.

மூடி பொருந்துதான்னு பார்க்க ஒரு துண்டுக் காகிதம் போதும். விளிம்புல வச்சு மூடி, இழுங்க. தடையில்லாம வந்துட்டா அந்த இடத்துல கதவு ஓரத்துக்கு ஒட்டுற ஃபோம் டேப் ஒட்டணும். தண்ணி வடிக்கிற திருகு இருந்தா அதோட வாஷரையும் பார்த்துக்குங்க.

[காட்சி: பழைய சென்னைக் கடற்கரைச் சாலை, ஐஸ் ஹவுஸ் கட்டடம்.]

ஐஸ் எந்த உருவத்துல இருக்கணும்? இதுக்கு நல்ல சாட்சி சரித்திரத்துல இருக்கு. 1833-ல பாஸ்டன்லேர்ந்து டஸ்கனிங்கிற கப்பல் 180 டன் ஏரி ஐஸை ஏத்திக்கிட்டு கல்கத்தாவுக்குக் கிளம்புச்சு. வெப்ப மண்டலக் கடல்ல நாலு மாசப் பயணம். போய்ச் சேர்ந்தப்ப 100 டன் மிச்சம். அந்த வியாபாரத்தை நடத்தின ஃபிரெடெரிக் டியூடர் 1842 வாக்குல சென்னையில கட்டின கிடங்குதான் ஐஸ் ஹவுஸ், இன்னைக்கு விவேகானந்தர் இல்லம். மின்சாரம் இல்லாத காலம். அந்த வியாபாரத்துல ஐஸைச் சுத்தி அடைச்சது மரத்தூளும் வைக்கோலும்தான். காப்பாத்தினதுல பெரும்பங்கு அந்தக் குவியலோட பருமனுக்கு. ஒரு கட்டியோட எல்லாப் பக்கத்தையும் ரெண்டு மடங்காக்கினா எடை எட்டு மடங்காகும், வெப்பம் படுற பரப்போ நாலு மடங்குதான்.

நம்ம பெட்டிக்கும் அதே விதி. துண்டு ஐஸ் கொட்டினா இடத்துல கிட்டத்தட்ட அஞ்சுல ரெண்டு பங்கு காத்து. 10 கிலோ துண்டு ஐஸுக்கு 18 லிட்டர் இடம் வேணும், கட்டியா இருந்தா 11 லிட்டர். துண்டா இல்லாம பெரிய ஐஸ் கட்டியா வாங்கினா இடம் மிச்சம். ஆனா மீனுக்குப் போடுற ஐஸ் குடிக்க ஆகாது. உணவுக்காகாத ஐஸ்ல நீல நிறம் சேர்க்கணும்னு விதியே இருக்கு. அது உருகின தண்ணி சாப்பாட்டு மேல படக் கூடாது.

நல்ல வழி வீட்டு பாட்டில். தண்ணி உறைஞ்சா 9 சதவீதம் விரியும், அதனால பத்துல ஒம்பது பங்குதான் நிரப்பணும். வீட்டு ஃபிரீசர் ஒரே நாள்ல 10 கிலோவை உறைய வைக்காது. மூணு நாள் முன்னாடியே, தினம் மூணு நாலு பாட்டிலா வைங்க. கடை ஐஸ் 0 டிகிரியில சொட்டிக்கிட்டே வரும். வீட்டுது மைனஸ் 18ல இருந்து கிளம்பும், அதனால கிலோவுக்கு 11 சதவீதம் கூடுதல் தெம்பு. 46 மணி நேரம் 51 ஆகுறது இதுலதான். உருகினா குடிதண்ணி, அது ஒரு லாபம்.

அடுக்குறப்ப அடியில ரெண்டு உறைஞ்ச பாட்டிலைப் படுக்க வைங்க. மேல மீன், கறி, காத்துப்புகாத டப்பாவுல. அதுக்கு மேல மத்தது. உச்சியில மறுபடி உறைஞ்ச பாட்டில், ஏன்னா குளிர்ந்த காத்து கீழதான் இறங்கும். இடுக்குல எல்லாம் துண்டு ஐஸ். கடைசியா தெர்மாகோல் அட்டை. குளிர்பானத்துக்குத் தனியா ஒரு சின்னப் பெட்டி இருந்தா நல்லது.

[காட்சி: வெயிலில் கறுப்புக் கார். டிக்கியில் பெட்டி.]

பெட்டியை எங்க வைக்கிறோம்ங்கிறது அடுத்த விஷயம். அடர் நிற மூடி நேர் வெயில்ல 65 டிகிரிக்குப் போகும். ஆறு மணி நேரம் அப்படிக் கிடந்தா மூடி வழியா மட்டும் அரைக் கிலோ ஐஸ் கூடுதலா போகும். நிறுத்தின கார் டிக்கி அதைவிடக் கொடுமை. நிழல் நகரும், கூடவே பெட்டியையும் நகர்த்துங்க. சுடுமணல்ல, பாறையில நேரா வைக்காம ரெண்டு செங்கல் மேல வைங்க. உள்மாவட்ட வறண்ட வெயில்ல பெட்டி மேல ஈரச் சாக்கு போட்டா நல்லாவே வேலை செய்யும். கடற்கரையில காத்துல ஏற்கெனவே ஈரம் இருக்குறதால பலன் கம்மி.

மூடியை அடிக்கடி திறக்காதேன்னு பிள்ளைகளைத் திட்டுறோம். ஒரு தடவை உள்காத்து முழுசா மாறினாலும் போறது ஆறேழு கிராம் ஐஸ். 50 தடவைக்கு 300 கிராம். திறக்குறதைவிட, திறந்து வெதுவெதுப்பான பாட்டிலை உள்ள போடுறதுதான் நஷ்டம். ஒரு லிட்டருக்கு கிட்டத்தட்ட 380 கிராம் ஐஸ்.

உருகின தண்ணியைக் கொட்டணுமா? ஐஸ் மிதக்குற வரைக்கும் அது 0 டிகிரிக்குப் பக்கத்துலதான் இருக்கும், பாட்டிலை எல்லாப் பக்கமும் தொட்டுக் குளிர வைக்கும். சாப்பாட்டு டப்பா முழுகுற நிலைமை வந்தா மட்டும் வடிங்க. உப்புப் போட்டா ஐஸ் நீடிக்கும்ங்கிறது தலைகீழ். வெப்பநிலை இறங்கும், ஆனா ஐஸ் சீக்கிரம் கரையும். குல்ஃபி போடத்தான் உப்பு.

பச்சை மீன், கறி, பால் 5 டிகிரி அல்லது அதுக்குக் கீழ இருக்கணும். பெட்டிக்குள்ள ஒரு சின்ன டிஜிட்டல் வெப்பமானியை, சாப்பாட்டு டப்பாக்களுக்கு நடுவுல வைங்க, ஐஸ் மேல இல்ல. வெளியே 32 டிகிரிக்கு மேல இருக்குறப்ப, கெட்டுப்போகுற உணவைக் குளிர் இல்லாம ஒரு மணி நேரத்துக்கு மேல வச்சிருக்கக் கூடாதுன்னு அமெரிக்க வேளாண் துறை சொல்லுது. முகர்ந்து பார்த்து முடிவு பண்ணாதீங்க. கறி, மீனை முதல் ராத்திரியே சமைச்சிடுங்க.

[காட்சி: வீட்டு வராந்தா. பெட்டி, வாளி, சமையலறைத் தராசு.]

உங்க பெட்டி எப்படின்னு கிளம்புறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்கலாம். ராத்திரி 5 கிலோ ஐஸ் போட்டு, அட்டை வச்சு மூடி, நிழல்ல வைங்க. ரெண்டு மணி நேரம் கழிச்சு சேர்ந்த தண்ணியைக் கொட்டிடுங்க, அது பெட்டி குளிர்ந்ததுக்கான செலவு. அதுலேர்ந்து சரியா 12 மணி நேரம் கழிச்சு வடியுற தண்ணியை எடை போடுங்க. ரெண்டால பெருக்கினா ஒரு நாள் கணக்கு. அன்னைக்கு வெயில் எவ்வளவுன்னும் சேர்த்து, மூடியோட உள்பக்கம் மார்க்கரால எழுதி வைங்க.