"எனக்கும் விண்டோஸ் 10தானே!" – டீச்சர் வீட்டில் ஒரு நாள்

வணக்கம், எல்லோரும் பசியாறிவிட்டீர்களா? நேற்று காலையில் பினாங்கு மாநிலத்தின் பிறைக்குப் போனவன், இரவு எட்டு மணிக்குத்தான் ஜெலுத்தோங்கில் வீடு வந்து சேர்ந்தேன். என் பழைய டீச்சரின் மடிக்கணினியைப் பார்க்கப் போயிருந்தேன். நான்காம் ஆண்டில் எனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். அங்கே நடந்ததை வீடியோவில் சொல்லலாமா என்று கேட்டேன். "தாராளமா சொல்லு தம்பி, என் பேரை மட்டும் போடாதே" என்றார். உங்கள் கணினியில் எந்த விண்டோஸ் பதிப்பு இருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது, அது ஏன் முக்கியம் என்பதுதான் இன்றைய விஷயம்.

டீச்சர் பணி ஓய்வு பெற்றுப் பல வருடங்கள் ஆகின்றன. தான் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்தைப் பற்றி எழுத ஆரம்பித்திருக்கிறார். தொழிலாளர்களின் லயத்து வீடுகள், விடியற்காலைப் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு), பால் நிறுக்கும் கொட்டகை, கோயில் திருவிழா என்று ஒரு நோட்டுப் புத்தகம் நிறையக் கையால் எழுதி வைத்திருக்கிறார். அதைக் கணினியில் ஏற்ற வேண்டும். அவருக்குத் தட்டச்சு புதிதில்லை. பள்ளியில் இருந்த காலத்தில், நம் மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளில் பள்ளி மலர் முழுவதையும் தட்டியவர். இப்போது கைப்பேசியிலும் சரளமாகத் தமிழ் எழுதுகிறார். ஆனால் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கட்டைவிரலால் ஏற்ற முடியுமா?

செந்தூலில் இருக்கும் மகள் தொலைபேசியில் வழி சொல்லியிருக்கிறார். "செட்டிங்ஸ் போங்கம்மா. டைம் அண்ட் லேங்குவேஜ், அப்புறம் லேங்குவேஜ். தமிழைச் சேர்த்து, ஆப்ஷன்ஸ் தட்டி, ஆட் எ கீபோர்ட். அதுல தமிழ் ஃபொனெட்டிக், ஆங்கில எழுத்துல ஒலியைத் தட்டினா தமிழ் வர்ற கீபோர்ட், இருக்கும்." டீச்சர் ஒவ்வொன்றாகத் தட்டிப் போய்ப் பார்த்தால் அந்தப் பெயரே பட்டியலில் இல்லை. "இல்லையேம்மா." "இருக்கும்மா, நல்லா பாருங்க." இப்படியே மூன்று நாள். "உன்னோடது என்ன விண்டோஸ்?" என்று அம்மா கேட்க, "10" என்று மகள் சொல்ல, "எனக்கும் விண்டோஸ் 10தானே! அப்புறம் ஏன் வரல?" என்று அம்மா கேட்க, இருவருக்கும் கொஞ்சம் மனத்தாங்கலே வந்துவிட்டது.

பிறகு ஒரு கடைக்கு எடுத்துப் போயிருக்கிறார். அங்கிருந்தவர் திறந்துகூடப் பார்க்காமல், "இது பழசு ஆன்ட்டி, தமிழெல்லாம் இதுல வராது, புதுசு வாங்கிடுங்க" என்று 2,400 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒன்றைக் காட்டியிருக்கிறார். எனக்கு வருத்தம் இதில்தான். அவர் ஒரு நிமிடம் செலவழித்து ஒரு எண்ணைப் பார்த்திருந்தால் போதும். டீச்சர் அந்தப் பணத்தைப் பென்ஷனிலிருந்துதான் எடுத்திருப்பார்.

சரி, அந்த எண்ணை எப்படிப் பார்ப்பது? இதோ என் கணினியில் காட்டுகிறேன். விசைப்பலகையில் இடது கீழ் மூலையில், கண்ட்ரோலுக்கும் ஆல்ட்டுக்கும் நடுவில், சன்னல் படம் போட்ட விசை இருக்கிறதா? அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு 'ஆர்' எழுத்தைத் தட்டுங்கள். திரையின் இடது கீழ்ப்பக்கம் 'ரன்' என்று ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் டபிள்யூ, ஐ, என், வி, இ, ஆர் என்று ஆறு எழுத்து. நடுவில் இடைவெளி விடக் கூடாது. விண்வெர். இப்போது என்டர்.

இதோ வந்துவிட்டது, 'அபௌட் விண்டோஸ்'. மேலே பெரிதாக விண்டோஸ் சின்னம் தெரியும், அதை விட்டுவிடுங்கள். நமக்கு வேண்டியது அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் ஒரு வரி. 'வெர்ஷன்' என்று ஒன்று, அதாவது பதிப்பு; பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'ஓஎஸ் பில்ட்' என்று ஒன்று, அது அந்தப் பதிப்பின் உள் எண்.

டீச்சரையே தட்டச் சொன்னேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, திரைக்குக் கிட்டப் போய், விரலை வரியின் மேல் வைத்து வாசித்தார். "வெர்ஷன் ஆயிரத்து எண்ணூற்று ஒன்பது." கொஞ்ச நேரம் யோசித்தார். "ஃபிரான்சிஸ் லைட் பினாங்குக்கு வந்தது 1786. இது அதுக்கு இருபத்து மூணு வருஷம் கழிச்சா?"

அது ஆண்டு மாதிரிதான் தெரியும், ஆனால் இரண்டிரண்டாகப் பிரித்துப் படிக்க வேண்டும். 18, 09. 2018-ஆம் ஆண்டு, ஒன்பதாம் மாதம். மைக்ரோசாப்ட் அப்போது அப்படித்தான் பெயர் வைத்தது. 1903 என்றால் 2019 மார்ச். 2004 என்று ஒன்றுகூட உண்டு. அது 2020 ஏப்ரலைக் குறிக்கும். ஆனால் "2004-ல் வந்த விண்டோஸா?" என்று குழம்பாதவர்கள் குறைவு. அதன் பிறகு முறையை மாற்றி 20எச்2, 21எச்1 என்று ஆண்டின் முன் பாதி, பின் பாதியாக எழுத ஆரம்பித்தார்கள். விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பு 22எச்2. அதன் பில்ட் எண் 19045. டீச்சருடையது 17763. இரண்டுக்கும் நடுவில் 1903, 1909, 2004, 20எச்2, 21எச்1, 21எச்2 என்று ஆறு பதிப்புகள் வந்து போயிருக்கின்றன. அவர் பார்த்த பெட்டியின் அடியில் காப்புரிமை ஆண்டுகூட 2018 என்றுதான் இருந்தது.

இப்போது அந்தத் தமிழ் ஃபொனெட்டிக்குக்கு வருவோம். தமிழ் உட்படப் பத்து இந்திய மொழிகளுக்கு இந்த ஒலிப்பு விசைப்பலகை வந்ததே 2019 மே மாதப் புதுப்பிப்பில், அதாவது பெயரில் மார்ச் என்றிருந்தாலும் மே மாதம் வெளியான 1903-இல்தான். டீச்சரின் கணினி அதற்கு ஒரே ஒரு படி கீழே நின்றுவிட்டது. மகள் சொன்னதும் சரி, அம்மா சொன்னதும் சரி. இருவரிடமும் இருப்பது விண்டோஸ் 10தான், ஆனால் ஒரே விண்டோஸ் 10 இல்லை. இதைச் சொன்னதும் டீச்சர் அந்த இடத்திலேயே மகளுக்கு அழைத்துவிட்டார். "நீயும் பொய் சொல்லல, நானும் பொய் சொல்லல" என்று அவர் சொன்னபோது எனக்கே மனசு லேசாகிவிட்டது.

ஏன் மேலே ஏறாமல் நின்றது என்று பார்த்தேன். வீட்டு வைஃபை, 'மீட்டர்ட் கனெக்‌ஷன்' என்று குறிக்கப்பட்டிருந்தது. எப்போதோ கைப்பேசி டேட்டாவை மிச்சம் பிடிக்கப் போட்டதாம். அப்படிக் குறித்திருந்தால் விண்டோஸ் தானாகப் பெரும்பாலான புதுப்பிப்புகளை இறக்காது. அதோடு கணினியின் சேமிப்பு வட்டில் நான்கு ஜிபிதான் மிச்சம். மற்றதெல்லாம் பேரப்பிள்ளைகளின் படங்களும் வீடியோக்களும். அவற்றை வெளி வட்டில் ஏற்றி, ஒவ்வொரு ஃபோல்டரையும் டீச்சர் திறந்து சரிபார்த்த பிறகுதான் கணினியிலிருந்து அழித்தேன். அந்தக் குறியை எடுத்து, 'செக் ஃபார் அப்டேட்ஸ்' தட்டினேன். காலை பதினொன்றுக்குத் தொடங்கியது, மாலை ஐந்தேகாலுக்கு முடிந்தது. மூன்று தடவை தானாக அணைந்து எழுந்தது. நடுவில் டீச்சர் தேங்காய்ப்பால் சொதி வைத்துச் சாப்பாடு போட்டார்.

முடிந்ததும் மறுபடியும் விண்வெர். 22எச்2, 19045. பட்டியலைத் திறந்தோம். தமிழ் ஃபொனெட்டிக் அங்கே உட்கார்ந்திருந்தது. சன்னல் விசையும் இடைவெளி விசையும் சேர்த்துத் தட்டினால் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாறும். டீச்சர் முதலில் தட்டியது தன் தோட்டத்தின் பெயரை. ஆங்கில எழுத்தில் ஒலியைத் தட்டத் தட்ட, கீழே தமிழில் சொற்கள் வரிசையாக வந்தன. சரியானதைத் தேர்ந்தெடுத்தார். பிறகு 'வாழை' என்று எழுதிப் பார்த்தார். ழகரம் சரியாக விழுகிறதா என்று பார்க்கத்தான். விழுந்தது.

விசைப்பலகை வந்ததில் மகிழ்ச்சி. ஆனால் எனக்கு உண்மையில் வயிற்றைக் கலக்கியது வேறு. 1809-க்கு வீட்டுப் பதிப்பில் பாதுகாப்புத் திருத்தம் 2020 நவம்பர் 10-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. டீச்சர் அதே மடிக்கணினியில்தான் இத்தனை வருடமும் வங்கிக் கணக்கைத் திறந்து பார்த்திருக்கிறார். நல்லவேளை, ஒன்றும் நடக்கவில்லை. 2017 மே மாதம் வானாக்ரை என்ற தீநிரல் உலகம் முழுவதும் பரவியது நினைவிருக்கலாம். ஏறக்குறைய 150 நாடுகளில் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில் வெளியிட்டிருந்தது. அதைப் போட்டுக்கொள்ளாத கணினிகள்தான் மாட்டிக்கொண்டன. அதனால்தான் பில்ட் எண்ணில் புள்ளிக்குப் பிறகு வரும் சின்ன எண்ணையும் பாருங்கள் என்கிறேன். மாதாமாதம் திருத்தம் ஏறும்போது அந்த எண் கூடும். அமெரிக்காவில் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியிடுவார்கள், நமக்கு அது புதன்கிழமை. பல மாதமாக அந்த எண் அசையாமல் நின்றால் ஏதோ தடைபட்டிருக்கிறது என்று அர்த்தம்.

22எச்2-க்கு வந்துவிட்டோம், ஆனால் அதோடு முடியவில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவே 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. டீச்சரின் கணினி விண்டோஸ் 11-க்குப் போகாது. அதில் இருப்பது இன்டெலின் ஏழாம் தலைமுறைச் செயலி. விண்டோஸ் 11 பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்றுக்கொள்ளும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அம்சத்தையும் கேட்கும். அதற்காகத் தூக்கிப் போட வேண்டியதில்லை. வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தத்தை நீட்டித்திருக்கிறார்கள். மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்து, செட்டிங்ஸை அந்தக் கணக்கோடு ஒத்திசைத்தால் பணம் கட்ட வேண்டியதில்லை. விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே பதிவு செய்யும் இணைப்பு வரும். ஆனால் 22எச்2 இருந்தால்தான் வரும். பாருங்கள், இங்கேயும் அதே எண்தான் கதவைத் திறக்கிறது. டீச்சருக்குப் பதிவு செய்து கொடுத்துவிட்டேன். அந்த 2,400 வெள்ளி அவரிடமே இருக்கிறது.

விண்டோஸ் 11 வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். போன மாதம் ஒரு தம்பி பதறிப்போய் அழைத்தான். "அண்ணே, 11ன்னு சொல்லி வித்தாங்க, கமாண்ட் பிராம்ப்ட்ல பார்த்தா 10ன்னு காட்டுது, ஏமாத்திட்டாங்க." அவன் ஏமாறவில்லை. விண்டோஸ் 11 உள்ளுக்குள் தன்னை 10.0 என்றுதான் எண்ணிக்கொள்கிறது. பின்னால் வரும் பில்ட் எண்தான் கணக்கு. 22000 அல்லது அதற்கு மேல் என்றால் 11, 19 ஆயிரத்திலோ அதற்குக் கீழோ இருந்தால் 10. அவனுடையது 26100, அதாவது 24எச்2. அடுத்த 25எச்2-க்கு 26200. மாறாக, திரையின் பின்னணிப் படத்தை மட்டும் 11-இன் நீலப் பூவாக மாற்றி வைத்து, உள்ளே பழைய 10-ஐயே விற்றதையும் நான் பார்த்திருக்கிறேன். பயன்படுத்திய கணினி வாங்குகிறவர்கள் காசைக் கொடுப்பதற்கு முன் அங்கேயே நின்று விண்வெர் தட்டிப் பார்த்துவிடுங்கள். விற்பவர் நல்லவராக இருந்தால் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அச்சுப்பொறிக்கு மென்பொருள் இறக்கும்போது 32 பிட்டா 64 பிட்டா என்று கேட்கும். அது விண்வெரில் வராது. செட்டிங்ஸ், சிஸ்டம், அபௌட், அங்கே 'சிஸ்டம் டைப்' என்ற வரியில் இருக்கும்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு வேலை குறைவு. மேல் இடது மூலையில் ஆப்பிள் சின்னம், அதில் 'அபௌட் திஸ் மேக்'. 2024-இல் வந்த செக்கோயா 15, 2025-இல் வந்த தாஹோ 26. நடுவில் பத்துப் பதிப்புகளை விட்டுவிட்டோமோ என்று பயப்பட வேண்டாம், எண் வைக்கும் முறையைத்தான் மாற்றினார்கள். உபுண்டுவில் செட்டிங்ஸுக்குள் அபௌட் பக்கம் போதும். 24.04 என்று இருந்தால் 2024 ஏப்ரலில் வந்தது. டீச்சருக்குச் சொன்ன அதே இரண்டிரண்டாகப் பிரிக்கும் கணக்குதான்.

இன்னொன்று, இதை அழுத்தியே சொல்கிறேன். "உங்கள் விண்டோஸ் காலாவதியாகிவிட்டது, நாங்கள் பார்த்துச் சரிசெய்கிறோம்" என்று யாராவது அழைத்தால், கணினியை அவர்கள் கையில் கொடுக்காதீர்கள். மைக்ரோசாப்ட் அப்படித் தானாக யாரையும் அழைப்பதில்லை. வைத்துவிட்டு நீங்களே அந்த ஆறு எழுத்தைத் தட்டிப் பாருங்கள். ஏற்கெனவே வங்கி விவரத்தைக் கொடுத்துவிட்டீர்கள் என்றால் தாமதிக்காமல் உங்கள் வங்கியையோ, மலேசியாவில் மோசடிப் புகாருக்கான 997-ஐயோ அழையுங்கள்.

இன்று உங்கள் வீட்டில் இருக்கும் கணினியில், முக்கியமாக அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி பயன்படுத்தும் கணினியில், தட்டிப் பாருங்கள். வந்த எண்ணை எனக்கு எழுதி அனுப்புங்கள். 19045-க்குக் கீழே இருந்தால், வட்டில் எவ்வளவு இடம் மிச்சம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், எங்கே தொடங்குவது என்று சொல்கிறேன். டீச்சர் இன்று காலையில் முதல் பக்கத்தை அனுப்பிவிட்டார். பால் நிறுக்கும் கொட்டகையிலிருந்து தொடங்கியிருக்கிறார். நான் போய் அதைப் படிக்கிறேன்.