நியர் போஸ்ட்டில் கோல் போனால் கீப்பர் தப்பா?

‘நியர் போஸ்ட்டில் போய் கோல் விடலாமா?’ கால்பந்து வர்ணனையில் அடிக்கடி காதில் விழுகிற கேள்வி இது. நியர் போஸ்ட் என்றால் பந்துக்குக் கிட்டத்தில் இருக்கும் கோல் கம்பம். ரீப்ளே முடிவதற்குள் கீப்பர்தான் குற்றவாளி என்று தீர்ப்பும் வந்துவிடும். பல நேரங்களில் அது அநியாயமான தீர்ப்பு.

[திரையில்: மேலிருந்து தெரியும் கோல் பகுதி. பந்து வலது ஓரத்தில்.]

கோலின் அகலம் 7.32 மீட்டர். பந்திலிருந்து இரண்டு போஸ்ட்டுக்கும் கோடு போடுங்கள். நடுவில் கிடைக்கும் கோணத்தைப் பாதியாகப் பிரிக்கும் கோட்டை ஒட்டித்தான் கீப்பர் நிற்பார். நியர் போஸ்ட்டோடு ஒட்டி நின்றால் அந்தப் பக்கம் அடைபடும், சரி. ஆனால் மறுபக்கம் முழுக்கத் திறந்து கிடக்குமே!

இப்போது நேரக் கணக்கு. எட்டு மீட்டர் தூரத்திலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அடித்த பந்து, கோலுக்குள் போக 0.3 நொடிகூட ஆகாது. கண் பார்த்து உடம்பு அசையத் தொடங்கவே ஏறக்குறைய 0.2 நொடி போய்விடும். மிச்ச நேரத்தில் கை எவ்வளவு தூரம்தான் போகும்?

[திரையில்: உதைக்கும் நொடியில் காட்சி நிற்கிறது. கீப்பரின் பாதங்கள் பெரிதாக.]

பார்க்க வேண்டியது பாதங்களைத்தான். பந்து உதைப்பவரின் காலில் படும்போது கீப்பரின் இரண்டு பாதமும் தரையில் ஊன்றி, எடை முன்பக்கம் இருந்ததா? அப்படியானால் அவர் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டார். கிராஸ், அதாவது ஓரத்திலிருந்து கோலுக்கு முன்னால் அடிக்கும் பந்து, வரும் என்று முன்கூட்டியே நடுப்பக்கம் ஓரடி நகர்ந்திருந்தால், அப்போது குறை சொல்லுங்கள், நியாயம்.

இன்னொன்று, கீப்பர் காலால் தடுத்தால் ‘காலில் பட்டது, அதிர்ஷ்டம்’ என்பது. இதைக் கேட்டால் எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

[திரையில்: லுசைல், 2022 உலகக் கோப்பை இறுதிப் போட்டி.]

கூடுதல் நேரத்தின் கடைசித் தருணம். ஸ்கோர் 3-3. பிரான்ஸின் கோலோ முவானி தனியாக உள்ளே வருகிறார். அர்ஜென்டினா கீப்பர் எமிலியானோ மார்ட்டினெஸ் முன்னேறி வந்து, கைகளை விரித்து, இடது காலை நீட்டுகிறார். பந்து அதில் பட்டுத் தெறிக்கிறது. அப்புறம் பெனால்டியில் 4-2, கோப்பை அர்ஜென்டினாவுக்கு.

இது பயிற்சியில் திரும்பத் திரும்பப் பழகும் தடுப்பு. கையால் பந்தை எறிந்து ஆடும் ஹேண்ட்பால் விளையாட்டில் கீப்பர்களின் வழக்கம். டென்மார்க்கின் பீட்டர் ஷ்மைக்கேல் கால்பந்தில் பிரபலமாக்கினார். இவ்வளவு கிட்டத்தில் பந்தைப் பார்த்துப் பாய நேரம் கிடையாது. உடம்பை எவ்வளவு அகலமாக்க முடியுமோ அவ்வளவு அகலமாக்கி, வழியை அடைக்கத்தான் முடியும். தாழ்வாக வரும் பந்துக்குக் கை கீழே இறங்கி வர வேண்டும். கால் அங்கேயேதான் இருக்கிறது.