மாடியில் புகை, கீழே குடும்பம்

வணக்கம் நேயர்களே.

கணவர் குடித்துவிட்டுத் தெருவில் விழுந்து கிடந்தால் ஊருக்கே தெரிந்துவிடும். மனைவிக்கு ஆறுதல் சொல்ல நாலு பேர் வருவார்கள், திட்டித் தீர்க்க இன்னும் நாலு பேர் வருவார்கள். கணவர் தினமும் கஞ்சா பிடிப்பவர் என்றால் அந்த மனைவியிடம் யாரும் வருவதில்லை. வெளியே தெரிந்தால்தானே வருவார்கள்? அவரும் சொல்வதில்லை. போதை மீட்பு ஆலோசகராக இருக்கிற நான் இன்றைக்குப் பேச வந்திருப்பது அந்த மனைவியிடம்தான். பிடிக்கிறவருக்கு அறிவுரை சொல்ல சுவர் விளம்பரம் முதல் கல்லூரி உறுதிமொழி வரை எத்தனையோ இருக்கிறது. கூட வாழ்கிறவருக்குத்தான் ஒன்றும் இல்லை. மனைவி பிடித்து, கணவர் தவிக்கிற வீடுகளும் உண்டு. அவர்கள் நான் சொல்வதை மாற்றிப்போட்டுக் கேட்டுக்கொள்ளலாம்.

எங்களிடம் வருகிற பெண்கள் முதல் பத்து நிமிடம் கணவரின் நல்ல குணங்களைத்தான் சொல்வார்கள். "அடிக்க மாட்டார் மேடம். குரலைக்கூட உசத்த மாட்டார். சம்பளம் வந்ததும் கையில கொடுத்துடுவார்." அப்புறம் கொஞ்ச நேரம் பேச்சு நின்றுபோகும். என்ன குறை என்று அவர்களுக்கே சொல்லத் தெரியாது. மாமியாரிடம் வாய்விட்டிருப்பார்கள், அவர் கேட்டிருப்பார்: "குடிக்கிறானா, இன்னொருத்தி வீட்டுக்குப் போறானா? ஏதோ செடியைப் புகைக்கிறான், விடும்மா."

அந்தச் செடி வீட்டில் என்ன செய்கிறது என்று பார்ப்போம். பலர் சொன்னதைச் சேர்த்து ஒரு மாலை நேரத்தைச் சொல்கிறேன். ஏழரை மணிக்கு வேலை முடிந்து வருகிறார். "ஒரு தம் போட்டுட்டு வந்துடறேன்" என்று மொட்டை மாடிக்குப் போகிறார். சிகரெட்டை விரலில் உருட்டிப் புகையிலையை உதிர்த்து, பொட்டலத்தில் இருக்கிறதை அதோடு கலந்து திரும்ப அடைத்து, முனையை முறுக்கிப் பற்றவைக்கிறார். அரை மணி நேரத்தில் இறங்கி வந்து முகம் கழுவுகிறார், சிவந்த கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுகிறார், ஊதுபத்தி கொளுத்துகிறார். சாமியே கும்பிடாத மனிதருக்கு வாரம் ஒரு பாக்கெட் ஊதுபத்தி தீர்கிறது என்று ஒரு பெண் சொன்னார். சொல்லிவிட்டு அவரே சிரித்தும் விட்டார்.

அதற்கப்புறம் சோபா, கைப்பேசி, பசி. குழந்தை கணக்கு நோட்டை எடுத்து வந்தால், "அப்புறம் பார்க்கலாம் கண்ணா" என்று அன்பாகத்தான் சொல்கிறார். அந்த அப்புறம் வருவதே இல்லை. ஸ்கூல் பீஸுக்குக் கடைசித் தேதி, அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், வீட்டுக்காரர் வாடகையை ஏற்றப் போகிறேன் என்று சொன்னது, எல்லாவற்றுக்கும் அவர் தலையாட்டுகிறார். மறுநாள் காலை கேட்டால், "எப்ப சொன்ன?" என்கிறார். பொய் சொல்லவில்லை. போதை இருக்கும்போது கேட்டது மனதில் சரியாகப் பதியாது. கஞ்சா முதலில் கை வைப்பதே அண்மை நினைவில்தான். ஆக, அடி உதை எதுவும் இல்லாத அந்த வீட்டில் ஒரு பெண் தனியாகக் குடும்பம் நடத்திக்கொண்டிருக்கிறார், கணவர் பக்கத்து சோபாவிலேயே இருக்கும்போது. இந்தக் குறை சின்னதில்லை. நான் அழுத்திச் சொல்ல வந்ததும் இதைத்தான்.

எல்லாருமா அடிமை ஆகிவிடுகிறார்கள் என்றால், இல்லை. மத்திய அரசுக்காக எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019இல் வெளியான ஆய்வு, ஓராண்டில் கஞ்சா, பாங்கு போன்றவற்றைப் பயன்படுத்தியவர்கள் நாட்டில் சுமார் 3 கோடியே 10 லட்சம் பேர் என்கிறது. அதில் விட முடியாத அளவுக்கு அடிமையானவர்கள் ஏறக்குறைய 25 லட்சம். எப்போதாவது நண்பர்களோடு பிடிக்கிறவருக்கும் தினமும் பிடிக்கிறவருக்கும் வித்தியாசம் இருக்கிறது. உங்கள் வீட்டுக்காரர் எந்தப் பக்கம் என்று தெரிய கிராம் கணக்கு வேண்டாம். வெளியூர்க் கல்யாணத்துக்குப் போனால் அவரால் இரண்டு நாள் சும்மா இருக்க முடிகிறதா, பிடிக்காத இரவில் தூக்கம் வருகிறதா, வீட்டின் நேரமெல்லாம் அந்த மாடி நேரத்தைச் சுற்றியே ஓடுகிறதா என்று பாருங்கள். போதும்.

பெரும்பாலான வீடுகளில் மனைவி இப்போது செய்துகொண்டிருப்பது வேறு வேலை. துவைக்கப் போடும் பேண்ட்டின் பையைத் துழாவுகிறார், பைக் சீட்டைத் தூக்கிப் பார்க்கிறார், ஷூவுக்குள் கை விடுகிறார், சட்டையை முகர்கிறார், ஜிபே கணக்கில் யாருக்கு ஐந்நூறு போயிருக்கிறது என்று தேடுகிறார். பொட்டலம் கிடைத்தால் கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றுகிறார். அன்று ராத்திரி சண்டை. மறுநாள் புதுப் பொட்டலம், புது இடம். ஒளிப்பதில் அவர் கெட்டிக்காரர் ஆகிறார், தேடுவதில் நீங்கள் கெட்டிக்காரர் ஆகிறீர்கள். வேறொன்றும் நடப்பதில்லை. பேச்சும் பொட்டலத்தைப் பற்றியே ஆகிவிடுகிறது. கணக்கு நோட்டோடு நின்ற குழந்தையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இந்தப் போலீஸ் வேலையை விட்டுவிடுங்கள் என்று சொன்னால், "அப்ப கண்டுக்காம விட்டுடணுமா?" என்று கோபப்படுவார்கள். நியாயமான கோபம்தான்.

கண்டுகொள்ளாமல் இருக்கச் சொல்லவில்லை. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் மேயர்ஸ் என்பவரும் அவரோடு இருந்தவர்களும், சிகிச்சைக்கு வர மறுக்கிறவரை விட்டுவிட்டு அவர் வீட்டில் இருப்பவருக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். சண்டை போடாமல், கெஞ்சாமல், எப்போது எதைப் பேசுவது, எப்போது விலகி நிற்பது என்ற பயிற்சி. 1999இல் வெளியான ஆய்வில், பயிற்சி எடுத்தவர்களில் 64 சதவீதம் பேரின் வீட்டில், வரவே மாட்டேன் என்றவர் சிகிச்சைக்கு வந்தார். அந்த ஆய்வு குடிகாரர்கள் வீட்டில் நடந்தது. பிற போதைகளிலும் பின்னால் இதே வழியைச் சோதித்திருக்கிறார்கள், பலன் இருந்திருக்கிறது.

அந்தப் பயிற்சியின் சாரத்தை நம் வீட்டுக்கு ஏற்றபடி சொல்கிறேன். மாடியிலிருந்து இறங்கி வந்தவரிடம் எதையும் பேசாதீர்கள். பிடிக்க நேரம் நெருங்கித் தவித்துக்கொண்டிருக்கும் போதும் வேண்டாம். காலை காப்பி நேரம் நல்லது, ஞாயிற்றுக்கிழமை என்றால் இன்னும் நல்லது. "நீ ஒரு கஞ்சா கேஸு, உன்னைக் கட்டி என்ன சுகத்தைக் கண்டேன்" என்று ஆரம்பித்தால் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார், போகிற இடமும் உங்களுக்குத் தெரியும். நடந்த ஒன்றை மட்டும் எடுத்துப் பேசுங்கள். "வியாழக்கிழமை ராத்திரி பாப்பாவுக்கு நூத்திமூணு காய்ச்சல். உங்களை எழுப்பிப் பார்த்தேன், எழுந்திருக்கலை. ஆட்டோ புடிச்சு நானே கூட்டிட்டுப் போனேன். எனக்கு ரொம்பப் பயமா இருந்துச்சுங்க." அவ்வளவுதான். அவர் பதில் சொல்லாமல் இருக்கலாம், இருக்கட்டும். பிடிக்காமல் இருந்த மாலையில் அவரோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள், கடைவீதிக்குப் போய் வாருங்கள். பிடித்த மாலையில் உங்கள் வேலையை நீங்கள் பாருங்கள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் வேண்டாம், அவருக்காக அலுவலகத்துக்குப் போன் போட்டு "ஃபீவர்" என்று சொல்லவும் வேண்டாம்.

அவர் எடுத்துப் போடும் வாதங்களும் தெரிந்தவைதான். "சிவனே பிடிக்கிறார்." இதற்கு நான் பதிலே சொல்வதில்லை, சிவன் காலை ஷிப்டுக்குப் போகிறவர் இல்லை. "கனடாவுல கடையிலயே விக்கிறான்." உண்மைதான், 2018 அக்டோபர் முதல் அங்கே சட்டப்படி விற்கிறார்கள். நம் ஊரில் டாஸ்மாக்கும் சட்டப்படிதான் நடக்கிறது. சட்டம் அனுமதித்தால் குடும்பத்துக்கு ஆகிவிடுமா என்ன? "இது இல்லாம எனக்குத் தூக்கமே வராது." இந்த மூன்றாவதை மட்டும் காது கொடுத்துக் கேளுங்கள். அவர் சொல்வது நிஜம்.

விடுகிற முதல் வாரத்தைப் பற்றி யாரும் மனைவிகளுக்குச் சொல்லி வைப்பதில்லை. தினமும் பிடித்தவர் நிறுத்தினால் ஓரிரு நாளில் எரிச்சல் தொடங்கும். தூக்கம் வராது, வந்தால் பயங்கரக் கனவுகள், சாப்பாடு இறங்காது, வியர்த்துக் கொட்டும். முதல் வாரம்தான் உச்சம். இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும், தூக்கம் மட்டும் சிலருக்கு இன்னும் தாமதமாகச் சீராகும். புகையிலையோடு கலந்து பிடித்தவருக்கு நிகோடின் இல்லாத தவிப்பும் சேர்ந்துகொள்ளும். இத்தனை நாள் சாதுவாக இருந்த மனிதர் குழம்பில் உப்பு குறைந்ததற்குத் தட்டைத் தள்ளுவார். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ மனைவியே வெறுத்துப்போய், "நீங்க இழுத்துட்டே வாங்க, இதுக்கு அதுவே தேவலை" என்று சொல்லிவிடுகிறார். விட நினைத்தவர் அந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருப்பார்! அந்த வாரத்தில் விருந்தாளிகளைக் கூப்பிடாதீர்கள், கடன் பேச்சை எடுக்காதீர்கள், முடிந்தால் அவரை லீவு போடச் சொல்லுங்கள். கஞ்சாவை மறக்கடிக்கும் மாத்திரை என்று எதுவும் கிடையாது. தூக்கத்துக்கும் படபடப்புக்கும் மனநல மருத்துவர் கொஞ்ச நாள் மருந்து தருவார். தூக்கம் வர ஒரு குவார்ட்டர் போட்டுக்கொள்கிறேன் என்றால் மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். அப்படிப் போய்க் குடியில் மாட்டியவர்கள் இருக்கிறார்கள்.

இடையில் ஒன்று. கல்யாணமாகி வருடக்கணக்கில் குழந்தை இல்லை என்று மனைவியை மட்டும் ஸ்கேன், ஊசி என்று அலைக்கழிக்கிற வீடுகளில் கணவரின் மாடிப் பழக்கத்தை டாக்டரிடம் யாரும் சொல்வதில்லை. டென்மார்க்கில் 1,215 இளைஞர்களிடம் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வில், வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் கஞ்சா பிடித்தவர்களின் விந்தணு அடர்த்தி 28 சதவீதம் குறைவாக இருந்தது. கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள்.

போலீஸ் பயம்தான் பலரையும் மருத்துவமனைக்கு வரவிடாமல் தடுக்கிறது. பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டப்படி கஞ்சா பிடிப்பதற்கே ஆறு மாதம் வரை சிறையோ, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. ஒரு கிலோ வரை சிறிய அளவு என்பார்கள். அதை வைத்திருந்தால் ஓராண்டு வரை போகும். வீட்டை இதற்குப் பயன்படுத்தத் தெரிந்தே அனுமதித்தவரையும் இந்தச் சட்டம் விடாது. அதனால் நண்பர்கள் கூடிப் பிடிக்கிற இடமாக உங்கள் மாடி ஆவதை ஒருநாளும் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆனால் இதே சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. பிடித்ததற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் மாட்டிய ஒரு அடிமை, அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த இடத்தில் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தால், அந்தக் குற்றத்துக்காக அவர் மேல் நடவடிக்கை தொடர முடியாது. பாதியில் ஓடினால் இந்தச் சலுகை போய்விடும். வழக்கே இல்லாமல் ஓபி சீட்டு வாங்கி வருகிறவரின் விஷயத்தையோ, அவர் இல்லாமல் தனியாக வந்து பேசுகிற மனைவி சொன்னதையோ நாங்கள் வெளியே சொல்வதில்லை. ரகசியம் காப்பது 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் எங்கள் மேல் வைத்திருக்கிற கடமை.

ராத்திரியில் வேன் அனுப்பி ஆளைத் தூக்கிக்கொண்டு போகிற 'மையங்கள்' பற்றியும் கேட்பீர்கள். போகாதீர்கள். கட்டிப்போட்டு, அடித்து யாரையும் குணப்படுத்த முடியாது. சங்கிலியால் கட்டுவதை அந்த 2017 சட்டமே தடைசெய்திருக்கிறது. உரிமம் இருக்கிறதா, மனநல மருத்துவர் வருகிறாரா, நீங்கள் போய்ப் பார்க்க விடுவார்களா என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

பொறுமையாகப் பேசு என்று நான் சொன்னதெல்லாம் பொருந்தாத இடங்கள் உண்டு. நீ சாப்பாட்டில் எதையோ கலக்கிறாய் என்கிறார், யாரோ பேசுவது காதில் கேட்கிறது என்கிறார், தொடர்ந்து நாலு ராத்திரி தூங்கவில்லை என்றால் அது மனச்சிதைவின் தொடக்கமாக இருக்கலாம். மந்திரிக்க அழைத்துப் போய் நாளைக் கடத்தாமல் அன்றே மனநல மருத்துவரிடம் போங்கள். பிடித்துவிட்டுக் குழந்தையைப் பைக்கில் ஏற்றுகிறார் என்றால், சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. கை நீட்டினால் பெண்கள் உதவி எண் 181.

எல்லாம் செய்தும் அவர் விடவில்லை என்றால்? அப்படியும் நடக்கிறது. சேர்ந்து இருப்பதா, கொஞ்ச நாள் அம்மா வீட்டுக்குப் போவதா, பிரிவதா என்பதை நான் சொல்ல முடியாது, உங்கள் மாமியாரும் சொல்ல முடியாது. எந்த முடிவாக இருந்தாலும் உங்கள் பெயரில் ஒரு வங்கிக் கணக்கும், நடப்பதைத் தெரிந்துவைத்திருக்கிற ஒரு ஆளும் உங்களுக்கு வேண்டும். அக்காவோ தோழியோ யாராவது. அவர் வர மறுத்தாலும் நீங்கள் மட்டும் வரலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. வெளியே போக முடியாதவர்கள் 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணுக்கோ, 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணுக்கோ கூப்பிடுங்கள். கட்டணம் கிடையாது, 14416இல் தமிழிலேயே பேசலாம். கணவர் மாடிக்குப் போயிருக்கிற அந்த அரை மணி நேரம் போதும்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.